மடித்த பக்கம்

எழுதக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று யாராவது கேட்டால், முடியாது என்றே நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீந்தக் கற்றுக்கொடுக்கலாம், சமைக்கக் கற்றுக்கொடுக்கலாம், சீட்டாடக்கூடக் கற்றுக்கொடுக்கலாம். எழுத்து மட்டும் தானாக வரவேண்டியது என்பது என் கட்சி. இந்தக் கட்சியில் எனக்கு ஒரு சௌகரியமும் இருந்தது. பிறரால் கற்றுக்கொள்ள முடியாத ஒரு வித்தை நமக்கு மட்டும் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும் சுகம் யாருக்குத்தான் கசக்கும்?

அந்தக் கட்சியை நான் கைவிட்டு மூன்று வருஷம் ஆகிறது. கற்றுக்கொடுக்க முடியும். முடிகிறது என்பதுதான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. கற்றுக்கொடுத்த பிறகு, அந்தக் குழந்தை எழுதியதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம்? நான் செய்தது ஒரு துரோகம். சின்னத் துரோகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு ஆளானவள் எந்த அளவுகோலை வைத்திருக்கிறாளோ, நான் அறியேன்.

எங்கள் பேட்டையில் மூன்று குடும்பங்கள் தங்கள் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதில்லை. வசதி இல்லாமல் அல்ல. வேண்டாம் என்று தீர்மானித்து. வீட்டிலேயே கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒருநாள் மாலை அந்த வீடுகளில் ஒன்றின் தாயார் என்னைத் தேடி வந்தார்.

"மூணு வீட்டிலேயுமாச் சேர்த்து அஞ்சு குழந்தைங்க சார். நீங்க வாரத்தில் ரெண்டு நாள் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கணும்."

"இங்கிலீஷா? நான் தமிழில் கதை எழுதுகிறவன் அம்மா. காலேஜ் படிப்பையே இரண்டாம் வருஷத்தோடு நிறுத்திக்கொண்டவன்."

"இலக்கணத்துக்கு ஆள் இருக்கு. கதை படிக்கவும் எழுதவும் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. எழுதறவங்க சொல்லிக்கொடுத்தா வேற மாதிரி இருக்கும்னு தோணித்து."

என் இங்கிலீஷ் பழைய புத்தகக் கடையில் கற்ற இங்கிலீஷ். படிக்க வரும். பேச வேண்டுமென்றால் நாக்கு இரண்டு தடவை யோசிக்கும். ஆனாலும் 'எழுதறவங்க' என்ற வார்த்தையில் மயங்கி ஒப்புக்கொண்டேன். சம்பளம் வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுத்தாளன் அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டுக் கல்வி அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்களிலும் சட்டப்படி செல்லும். நம் நாட்டில் விஷயம் அவ்வளவு தெளிவாக இல்லை. 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரை கட்டாயக் கல்வி என்கிறது. வீட்டில் படிப்பவர்களைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஆனால் பதினான்கு வயது நிறைந்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதிவு செய்துகொண்டு பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம். நம் ஊர் வீட்டுப் பள்ளிக்கூடங்கள் இந்தச் சந்தில்தான் வண்டி ஓட்டுகின்றன.

அந்தத் தாயார் நிறையப் படித்தவர். ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்கர் எழுதிய புத்தகங்களை எனக்குக் கொடுத்தார். ஹோல்ட் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். குழந்தைகள் ஏன் தோற்கிறார்கள் என்று 1964இல் ஒரு புத்தகம் எழுதினார். குழந்தைகள் பயத்தில் படிக்கிறார்கள். வாத்தியாருக்கு எந்த விடை வேண்டுமோ அதை அவர் முகத்தில் தேடுகிறார்கள் என்பது அவர் கண்டது. பிறகு பள்ளிக்கூடங்களைத் திருத்த முடியாது என்ற முடிவுக்கு வந்து, 1977இல் வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்காகவே ஒரு பத்திரிகை தொடங்கினார். படித்தபோது எனக்கும் நியாயமாகவே பட்டது. பயம் அந்தக் கட்டடத்தில்தான் இருக்கிறது, கட்டடத்தை விட்டு வந்துவிட்டால் பயமும் போய்விடும் என்று நானும் நம்பினேன்.

புதன்கிழமையும் சனிக்கிழமையும் மாலையில் அந்த வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து வகுப்பு நடக்கும். சிறியவனுக்கு வயது பத்து. பெரியவள், அந்த வீட்டுப் பெண், பதின்மூன்று. கூடத்தை ஒட்டிச் சமையலறை. உள்ளே தாளிக்கிற ஓசை திடீரென்று நின்றால், தாயார் வகுப்பைக் கவனிக்கிறார் என்று அர்த்தம். ஆரம்பத்தில் அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

முதல் நாள் மழையைப் பற்றி எழுதச் சொன்னேன். ஐந்து பேரும் ஒரே கட்டுரையை எழுதினார்கள். மழை இயற்கையின் கொடை. மழை பெய்தால் உழவர் மகிழ்வர். ஆகையால் நாம் மரம் நடுவோம். அந்த ஐவரில் ஒருவராவது ஓர் உழவரின் முகத்தை அருகில் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

"உனக்கு மட்டும் தெரிந்த மழையை எழுது" என்றேன். "நீ பார்க்காததை எழுதாதே. பார்த்ததை விடாதே."

பத்து வயசுப் பையன் அடுத்த வகுப்பில் எழுதிக்கொண்டு வந்தான். மழை பெய்தால் அவர்கள் அடுக்குமாடி வீட்டில் மின்சாரம் போய்விடுமாம். கோயிலுக்குப் போன பாட்டி திரும்பி வந்து, லிஃப்ட் ஓடாததால் மாடி ஏற முடியாமல், கீழே வாட்ச்மேனின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கரண்ட் வந்துவிட்டதா என்று கேட்பாளாம். வாட்ச்மேன் மட்டும் பக்கத்தில் நின்றுகொண்டே இருப்பானாம், அவனுக்கு வேறு நாற்காலி இல்லாததால். அந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்தபோது, முப்பது வருஷமாக நான் வைத்திருந்த கட்சி கலைந்துபோயிற்று. எழுத்தைக் கற்றுக்கொடுக்க முடியும்! நிஜத்தைச் சொல் என்றால் போதும். மற்றதைக் குழந்தையே பார்த்துக்கொள்ளும்.

என் தலையும் கனக்க ஆரம்பித்தது.

ஒரு சனிக்கிழமை செகாவின் 'வான்கா'வைப் படித்தோம். 1886இல் எழுதிய கதை. மாஸ்கோவில் ஒரு செருப்புத் தைப்பவனிடம் வேலை கற்க விடப்பட்ட ஒன்பது வயசுப் பையன், கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில், தான் படும் அடியையும் பசியையும் தாத்தாவுக்குக் கடிதமாக எழுதுகிறான். மேல் விலாசம் எழுதும்போது, கிராமத்தில் இருக்கும் தாத்தாவுக்கு என்று எழுதித் தபால்பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறான். வாசகனுக்குத் தெரியும், அந்தக் கடிதம் யாருக்கும் போய்ச் சேராது என்று.

படித்து முடித்ததும் குழந்தைகளிடம் சொன்னேன்: "நீங்களும் ஒரு கடிதம் எழுதுங்கள். இதுவரை சொல்லாத ஒன்றை, சொல்ல வேண்டியவருக்கு எழுதுங்கள். அனுப்ப வேண்டாம்."

அனுப்ப வேண்டாம் என்று நான் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

பெரியவள் தன் அம்மாவுக்கு எழுதியிருந்தாள், ஒன்றேகால் பக்கம். அவளுடைய தாயார் முன்பு ஒரு பாங்கியில் வேலை பார்த்தவர். பெண்ணை வீட்டிலேயே படிக்கவைப்பது என்று முடிவானதும் வேலையை விட்டுவிட்டார். வேலைக்குப் போகும்போது தோளில் மாட்டிக்கொண்டு போன தோல் பை இன்னும் அலமாரி மேல் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை, போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது, அம்மா அதைக் கீழே இறக்கித் துடைத்து, ஒரு நிமிஷம் தோளில் மாட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் மேலே வைத்துவிடுகிறாள். பெண் இதைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாள். அந்தப் பை என்னைவிடச் சின்னது, ஆனால் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாள். எனக்குப் பள்ளிக்கூடத்தின் மேல் ஆசை கிடையாது, ஆனால் காலை எட்டரை மணிக்கு நான் வெளியே போனால் அந்தப் பையும் வெளியே போகுமே என்று சில நாள் தோன்றுகிறது என்று முடித்திருந்தாள்.

இதைத் தமிழில் அவளால் எழுதியிருக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. 'அம்மா' என்று ஆரம்பித்தால் அடுத்த வார்த்தை தொண்டையில் நின்றிருக்கும். இங்கிலீஷ் அந்த வீட்டுக்கு வந்த விருந்தாளி. வீட்டு மனிதர்களிடம் சொல்ல முடியாததைச் சில சமயம் விருந்தாளியிடம் சொல்லிவிடுகிறோம் அல்லவா?

இரண்டு இடங்களில் எழுத்துப் பிழை. ஓரிடத்தில் காலம் தவறு. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருத்த மனம் வரவில்லை.

அந்தச் சமயத்தில் தாயார் காப்பி கொண்டுவந்தார்.

"கேளுங்கம்மா, உங்க பொண்ணு எழுதியிருக்கிறதை. இதுதான் எழுத்து!" என்று சொல்லி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படித்தேன். பாதியில் நிறுத்தியிருக்கலாம். தாயாரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. வாக்கியங்கள் அவ்வளவு நன்றாக இருந்தன. என் மாணவி எழுதிய வாக்கியங்கள்!

தாயார் டபராவைக் கீழே வைத்தார். "காப்பி ஆறிடும் சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அதன் பிறகு சமையலறையில் எந்த ஓசையும் இல்லை. அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த நோட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்ட தன் சாமானைப் பார்ப்பதுபோல.

அடுத்த புதன்கிழமை அவள் மொட்டைமாடித் தோட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். ஒரு பிழை இல்லை. அதற்கடுத்த வாரம் பூனையைப் பற்றி. அதிலும் பிழை இல்லை. கத்திரிச் செடியும் துளசியும் எங்கெங்கே இருக்கின்றன என்பதெல்லாம் சரியாக இருந்தது. செடிகளின் நடுவே அவள் மட்டும் இல்லை. உபாத்தியாயருக்கு மாணவி கொடுக்கக்கூடிய தண்டனைகளில் இதைவிடக் கடுமையானது உண்டோ என்னவோ, எனக்குத் தெரிந்து இல்லை.

என் நண்பர் ஒருவர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இதில் என்ன தப்பு? தாயாருக்குத் தெரிய வேண்டிய விஷயம் தெரிந்தது. பெண்ணின் மனசில் இருந்த பாரம் இறங்கிற்று. எழுத்தின் பிரயோஜனமே அதுதானே?"

அவர் சொன்னதுபோலவே நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நாலு மாதம் கழித்து அந்தத் தாயார் ஒரு கணக்கர் அலுவலகத்தில் அரை நாள் வேலைக்குச் சேர்ந்தார். காலை வேளையில் பெண் இன்னொரு வீட்டில் மற்றக் குழந்தைகளோடு படிக்க ஏற்பாடாயிற்று. "அன்னைக்கு நீங்க படிச்சுக் காட்டினது நல்லதாப் போச்சு சார். இல்லேன்னா அவ மனசிலே இப்படி இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்று தாயாரே என்னிடம் சொன்னார். நண்பர் காதில் இது விழுந்ததும், "இன்னும் என்ன ஐயா உமக்கு?" என்றார்.

எனக்கு இருந்தது இதுதான். ஒரு தபால்காரர் யாருடைய கடிதத்தையோ பிரித்துப் படித்துவிடுகிறார். அதில் இருந்ததை ஊரில் சொன்னதால் ஒரு குடும்பத்துக்கு நன்மை விளைகிறது. நல்ல காரியந்தான். அதற்காக நாளைக்கு நம் தெருவில் தபால்காரர் கடிதங்களைப் பிரித்துக்கொண்டு வந்தால் நாம் சம்மதிப்போமா? விளைவு நன்றாக இருந்தது அந்தத் தாயாரின் நல்ல குணத்தால். வேறொரு தாயாராக இருந்தால், இத்தனை பேர் முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டாயே என்று அந்தப் பெண்ணின் முதுகில் இரண்டு விழுந்திருக்கும். அப்போதும் நான் படித்தது அதே பக்கந்தான். ஆகவே, விளைந்த நன்மையில் எனக்குப் பங்கு கிடையாது.

ஒரு குழந்தை தன் உடம்புக்கோ உயிருக்கோ ஆபத்து என்று எழுதியிருந்தால்? அப்போது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் துரோகம். குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையை அறிந்தும் சொல்லாமல் இருப்பது குற்றம் என்றே 2012ஆம் வருஷத்துப் போக்ஸோ சட்டம் வைத்திருக்கிறது. எந்தக் கொடுமையானாலும், தகுந்தவரிடம் சொல்லத்தான் வேண்டும். சொல்லப்போகிறேன் என்று அந்தக் குழந்தையிடமும் சொல்லவேண்டும். ஆனால் நான் படித்துக் காட்டியது ஆபத்துக்காகவா? அழகாக இருந்தது, படித்துக் காட்டினேன். அந்த அழகில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று காட்டிக்கொள்ளப் படித்தேன்.

டால்ஸ்டாய்க்கும் இந்தச் சங்கடம் நேர்ந்திருக்கிறது. அவர் 1859இல் தம் ஊரான யாஸ்னயா போல்யானாவில் குடியானவப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் நடத்தத் தொடங்கினார். பழமொழிகளைக் கொடுத்து அவற்றைக் கதையாக எழுதச் சொல்லுவார். கரண்டியால் ஊட்டிவிட்டு அதன் காம்பால் கண்ணைக் குத்துவது என்று ரஷ்யாவில் ஒரு பழமொழி. உதவி செய்துவிட்டுச் சொல்லிக்காட்டுகிறவர்களைப் பற்றியது. அதை வைத்து ஃபெத்கா, சேம்கா என்ற இரண்டு பையன்களும் டால்ஸ்டாயும் சேர்ந்து ஒரு கதை எழுத உட்கார்ந்தார்கள். மாலை ஏழு மணியிலிருந்து இரவு பதினொரு மணி வரை பையன்கள் பசியும் களைப்பும் அறியாமல் சொல்லச் சொல்ல, டால்ஸ்டாய் எழுதினார். ஃபெத்கா சொன்ன சில நுட்பங்கள் தமக்குத் தோன்றியிராது என்று பிரமித்துப்போனார். யாரிடம் யார் எழுதக் கற்றுக்கொள்வது, குடியானவப் பிள்ளைகள் நம்மிடமா, நாம் அவர்களிடமா என்று 1862இல் அவர் எழுதிய கட்டுரை உலகப் பிரசித்தம்.

அந்தக் கட்டுரையில் எல்லாரும் பேசுவது அவருடைய சந்தோஷத்தைப் பற்றி. எனக்குப் பிடித்தது அதற்குப் பின்னால் வருகிற பயம். அன்றிரவு தமக்குச் சந்தோஷத்தோடு ஒரு கலக்கமும் இருந்தது என்கிறார். பார்க்க யாருக்கும் உரிமையில்லாத ஒன்றை மறைந்திருந்து பார்த்துவிட்டதுபோலவும், ஒரு குழந்தையின் மனசைக் கெடுத்துவிட்டதுபோலவும் அவருக்கு உறுத்தியிருக்கிறது. உறுத்தினாலும், நடந்ததையெல்லாம் தம் பத்திரிகையில் எழுதி வெளியிடாமல் அவரால் இருக்க முடியவில்லை. மகான்தான், ஆனாலும் அந்த விஷயத்தில் அவரும் நம் ஜாதிதான்.

அந்தப் பழமொழி என்னைச் சும்மா விடவில்லை. எழுது, நிஜத்தை எழுது என்று ஊட்டிய அதே கரண்டியின் மறுமுனையால் அல்லவா நான் அவள் கண்ணைக் குத்தியிருக்கிறேன்!

பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தால் இவ்வளவு நேர்ந்திராது என்பதும் பிறகுதான் எனக்கு உறைத்தது. பள்ளிக்கூடத்தில் ஆயிரம் குறை இருக்கட்டும். வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு தெரு இருக்கிறது. அந்தத் தெருவில் போகும்போது குழந்தை யாருக்கும் பிள்ளையும் அல்ல, யாருக்கும் மாணவனும் அல்ல. வீட்டில் சொல்ல முடியாததை வகுப்பில் சொல்லும். வகுப்பில் பட்ட அவமானத்தை வீட்டில் மறைக்கும். வீட்டிலேயே படிக்கிற குழந்தைக்கு அந்தத் தெரு இல்லை. தாயே ஆசிரியை, தாயே பரீட்சைக்காரி, தாயே முதல் வாசகி. ஹோல்ட் சொன்னபடி வாத்தியார் முகத்தில் விடை தேடுவதைத் தப்பி வந்த குழந்தை, வேறு முகத்தில் விடை தேட ஆரம்பிக்கிறது. அந்த முகத்தின்மேல் அன்பும் இருப்பதால் தேடல் இன்னும் மும்முரமாகிறது.

வீட்டில் படித்து எழுத்தாளர்களானவர்களின் சரித்திரத்தைப் பார்த்தால், அவர்கள் எல்லாரும் அந்தத் தெருவை எப்படியோ வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஹவொர்த் என்ற ஊரில் பாதிரியாரின் மக்களான பிரான்ட்டி சகோதரிகள் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் வந்த நோயால் மூத்த பெண்கள் இருவரும் 1825இல் இறந்துபோனார்கள். அந்த வருஷமே தகப்பனார் மற்றவர்களை வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். மறு வருஷம் பையனுக்கு அவர் வாங்கிவந்த மரச் சிப்பாய்களை வைத்து அந்தக் குழந்தைகள் கதைகள் கட்டினார்கள். அந்தச் சிப்பாய்களின் அளவுக்குத் தகுந்தாற்போல், தீப்பெட்டி அளவில் புத்தகங்கள் தைத்து, அச்செழுத்துப்போல் பொடி எழுத்தில் எழுதி நிரப்பினார்கள். பெரியவர்களின் கண்ணுக்கு அந்த எழுத்து எளிதில் பிடிபடாது. பின்னாளில் சார்லட் 'ஜேன் அயர்' எழுதியபோதும், 1847இல் அது அச்சாகி வெளிவந்த பிறகுதான் தகப்பனாரிடம் சொன்னாள்.

வர்ஜீனியா உல்ஃபின் கதை நேர்மாறு. அவளும் வீட்டில் படித்தவளே. 1891இல், அவளுக்கு ஒன்பது வயசாகும்போது, உடன்பிறந்தவர்களோடு சேர்ந்து 'ஹைட் பார்க் கேட் நியூஸ்' என்று ஒரு வீட்டுப் பத்திரிகை நடத்தினாள். வீட்டுச் செய்திகள்தான். எழுதித் தாயாருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தூரத்தில் ஒளிந்து நின்று அவர் என்ன சொல்லுகிறார் என்று காத்திருப்பார்களாம். தாயார் பரவாயில்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு உலகமே கிடைத்ததுபோல இருக்கும். 1895இல் தாயார் இறந்துபோனார். அப்போது அவளுக்கு வயது பதின்மூன்று. பத்திரிகையும் அந்த வருஷத்தோடு நின்றது. தாயைப் பற்றித் தன் மனசில் இருந்ததை அவள் எழுதியது 1927இல், கலங்கரை விளக்கத்துக்குப் போவதைப் பற்றிய அந்த நாவலில். நாவலில் வரும் தாயாருக்கு வேறு பெயர். ஆனால் அதைப் படித்த தமக்கை, செத்துப்போன அம்மாவை எழுப்பிக் கொண்டுவந்துவிட்டாய் என்ற கருத்துப்பட எழுதினாள். ஒரு பெண் தன் தாயைப் பற்றி நிஜத்தைச் சொல்ல முப்பத்திரண்டு வருஷமும் ஒரு மாற்றுப் பெயரும் வேண்டியிருந்தன. என் மாணவிக்கு நான் கொடுத்தது முக்கால் மணி நேரம்.

மாற்றுப் பெயர் என்றதும் நம் தொல்காப்பியம் ஞாபகம் வருகிறது. அகப்பொருளைப் பாடும்போது ஒருவர் பெயரையும் சுட்டிச் சொல்லக்கூடாது என்று அதில் ஒரு விதி உண்டு. படிக்கிற காலத்தில், இது என்ன வறட்டு விதி என்று நினைத்தேன். நெடுநல்வாடையில் பாண்டியன் பெயர்கூட இல்லை. வேலில் வேப்பந்தார் சூட்டியிருக்கிறது என்று ஒரு குறிப்பு வருகிறது, அவ்வளவுதான். வேம்பு பாண்டியரின் அடையாளமாயிற்றே, ஆள் தெரிந்துவிட்டதே என்று அதை அகத்திலிருந்து புறத்துக்குத் தள்ளிவிட்டார்கள் உரைகாரர்கள். இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று அன்று சிரித்தேன். இன்று அது எனக்கு விளங்குகிறது. வீட்டுக்குள் நடப்பதை உலகத்துக்குச் சொல், ஒளிக்காமல் சொல். எந்த வீடு என்று மட்டும் சொல்லாதே. எழுதுகிறவனுக்கும் எழுதப்படுகிறவர்களுக்கும் நடுவே ஒரு தெரு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் நம் முன்னோர்கள்.

பெயரை மாற்றுவது பொய் சொல்லக் கற்றுக்கொடுப்பதாகாதா என்று நண்பர் கேட்டார். மொட்டைமாடித் தோட்டக் கட்டுரையில் எல்லாப் பெயரும் நிஜம் என்றேன் நான். அதைவிடப் பெரிய பொய்யை நான் அந்த வகுப்பில் படித்ததில்லை.

ஒரு புதன்கிழமை மற்றக் குழந்தைகள் வருவதற்கு முன்பாகவே போய், அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "அன்னைக்கு உன் கடிதத்தை நான் படிச்சிருக்கக் கூடாது. தப்பு என்னுடையது."

"பரவாயில்லை சார்" என்றாள். பெரியவர்களிடமிருந்து குழந்தைகள் கற்றுக்கொள்ளும் பொய்களில் முதன்மையானது அது. சற்று நேரம் கழித்து, பாயின் கோரையைக் கிள்ளிக்கொண்டே, "அனுப்ப வேண்டாம்னு சொன்னீங்களே சார்?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. பதில் இருந்தால்தானே?

அன்று முதல் வகுப்பில் ஒரு ஏற்பாடு செய்தேன். நோட்டுப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தையாவது உள்பக்கமாக மடித்து வைத்திருந்தால், அதை நான் படிக்கமாட்டேன். எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வேன். வீட்டிலும் யாரும் படிக்கக்கூடாது. மூன்று தாய்மாரையும் உட்காரவைத்து இதைச் சொன்னேன். ஒருவருக்குப் பிடிக்கவில்லை.

"எங்க வீட்டிலே ஒளிவு மறைவே கிடையாது சார். குழந்தை எங்ககிட்ட எதையும் சொல்லுவான்."

நான் என்ன சொல்லுவது என்று தெரியாமல் விழித்தேன். சமையலறை வாசலில் நின்றிருந்த அந்தப் பெண்ணின் தாயார்தான் சொன்னார்: "இருக்கட்டும். எனக்குக்கூட அலமாரி மேலே ஒண்ணு இருந்தது. யாரும் பார்க்கலைன்னு நினைச்சுண்டுதான் எடுத்துத் துடைச்சிண்டிருந்தேன்."

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. ஏற்பாடு நிலைத்துவிட்டது.

ஆறு மாதம் அவள் நோட்டில் மடிப்பே இல்லை. பூனை வந்தது, ரயில் பயணம் வந்தது, புத்தக விமரிசனம் வந்தது. எல்லாம் சுத்தமான இங்கிலீஷ். பிறகு ஒரு சனிக்கிழமை, நோட்டுகளைச் சேகரித்து வீட்டுக்குக் கொண்டுவந்து புரட்டும்போது, அவளுடைய நோட்டின் நடுவில் ஒரு பக்கம் உள்பக்கமாக, விரல் நகத்தால் அழுத்தி மடிக்கப்பட்டிருந்தது.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். பிறத்தியார் மனசில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது என் தொழில். அந்தத் தாள் மெல்லிய தாள். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால் பிரிக்காமலே எழுத்து தெரியும். மேஜை விளக்கு கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. நோட்டை மூடி, மற்ற நோட்டுகளின் அடியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. ஒரு ரூபாய் கடன்பட்டவன் ஒரு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தான், அவ்வளவுதான்.

இப்போது வாசகர்கள் என்னை ஒரு கேள்வி கேட்கலாம். அந்தக் கடிதத்தை ஒரு தாயாரிடம் படித்துக் காட்டியதற்கே இவ்வளவு வருந்துகிறவர், இத்தனை ஆயிரம் பேருக்கு முன்னால் எப்படிப் படித்துக் காட்டுகிறீர் என்று.

கேட்கவேண்டிய கேள்விதான். இதை எழுதுவதற்கு முன்னால் அவளிடமும் அவள் தாயாரிடமும் கேட்டேன். எழுதியதைக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். இந்தத் தடவை அவள் கையில் பென்சில். நிதானமாகப் படித்தாள். ஒரு சந்திப்பிழையைத் திருத்தினாள். பிறகு இரண்டு விஷயங்களை மாற்றிவிடுங்கள் சார் என்று சொல்லி, எதை எப்படி மாற்றவேண்டும் என்பதையும் சொன்னாள். மாற்றியிருக்கிறேன்.

ஆகையால், அலமாரி மேல் இருந்த அந்தத் தோல் பையை யாரும் எந்த வீட்டிலும் தேட வேண்டாம். அது பையாக இல்லாமலும் இருக்கலாம்.